பழைய காரில் பெட்ரோல் முள் பொய் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது?

பழைய அம்பாசடரையோ பத்மினியையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ முதன்முறையாக வாங்கி வீட்டு வாசலில் நிறுத்துகிறவர், பிரேக்கையும் பேட்டரியையும் உடனே கவனிப்பார்; பெட்ரோல் மீட்டர் வேலை செய்யாததை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். கடலூரில் இருப்பவருக்கு இந்தத் தள்ளிப்போடுதல் கூடுதல் தொல்லை தரும். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிப் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று டேங்கை வற்றவிடும் பழக்கம் இங்கே பலருக்கும் உண்டு. முள் காட்டும் கால் டேங்கை நம்பிக் கிளம்பிய வண்டி ஆல்பேட்டை தாண்டித் தென்பெண்ணைப் பாலத்தின் மேல் நின்றுபோனால், பின்னால் வரும் பேருந்துகளின் ஹாரனுக்கு நடுவே தள்ளித்தான் கரைசேர்க்க வேண்டும். அதோடு, பழைய டேங்கின் அடியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த துருத்தூளும் வண்டலும், பெட்ரோல் மிகக் குறையும்போதுதான் அதிகமாகக் கிளம்பி பம்புக்கும் கார்புரேட்டருக்கும் போகின்றன.

இந்தப் பழுதைச் சரிசெய்ய முயல்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு முனைகளில் ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள். ஒருவர் டாஷ்போர்டைப் பிரித்து மீட்டரைக் கையில் எடுக்கிறார். இன்னொருவர் டேங்கையே கீழே இறக்குகிறார். இரண்டும் கடைசியில் செய்ய வேண்டியவை. கடற்கரையை ஒட்டிய நம் ஊர்களில் மீட்டரும், டேங்குக்குள் அளவைப் பார்க்கும் யூனிட்டும் நல்ல நிலையில் இருக்க, இடையில் உள்ள எர்த் இணைப்பு உப்புக்காற்றில் அரித்துப்போயிருப்பதுதான் அடிக்கடி காணும் நிலை. ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் வரிசைப்படி சோதித்தால், பல வண்டிகளில் ஒரு முழ ஒயரும் ஒரு துண்டு உப்புத்தாளுமே போதுமானவையாக இருக்கும்.

கருவி எப்படி இயங்குகிறது

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் ஃப்ளோட்டைப் போலவே அது பெட்ரோலோடு ஏறி இறங்கும்; அதன் கை, மெல்லிய கம்பி சுற்றிய ஒரு மின்தடையின் மேல் ஒரு தொடுமுனையை நகர்த்தும். இந்த முழு அமைப்பையும் மெக்கானிக்குகள் டேங்க் யூனிட் என்றோ ஃப்ளோட் யூனிட் என்றோ சொல்வார்கள். அதிலிருந்து ஒற்றை ஒயர் டாஷ்போர்டில் உள்ள மீட்டருக்குப் போகிறது. திரும்பி வரும் பாதைக்குத் தனி ஒயர் பெரும்பாலும் இருக்காது. டேங்கின் உடம்பும் வண்டியின் உடம்புமே அந்தப் பாதை. எர்த் என்று நாம் சொல்வது அதைத்தான்.

மீட்டரில் இரண்டு வகைகள் உண்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் செய்யும் சோதனை நேர் எதிரான முடிவைத் தரும் என்பதால், புதியவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுவே.

முதல் வகை காயில் மீட்டர். பழைய பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகளில் பரவலாக வந்தது இது. உள்ளே கோணத்தில் அமைந்த இரண்டு கம்பிச்சுருள்கள் ஒரு சிறு இரும்புத் துண்டை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். எந்த இழுப்பு வலுக்கிறதோ அந்தப் பக்கம் முள் சாயும். சாவியைத் திருப்பியவுடன் முள் துள்ளி எழும். வண்டி வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் அலைவதற்கேற்ப முள்ளும் ஆடும். இந்த வகையில் டேங்க் காலியாக இருக்கும்போது யூனிட்டின் மின்தடை ஏறக்குறைய சுழி. பிரிட்டிஷ் யூனிட்டுகளில் டேங்க் நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 70 முதல் 90 ஓம். அதனால் ஒயர் அறுந்தால் முள் முழு டேங்கைக் காட்டும். ஒயர் உடம்பில் உரசி எர்த் ஆனால் காலி என்று காட்டும்.

இரண்டாவது வகை பைமெட்டல் மீட்டர். 1960-களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் வண்டிகளில் இது பெருகியது. மின்சாரம் ஓடும்போது சூடாகி வளையும் ஓர் உலோகப்பட்டை முள்ளை நகர்த்துகிறது. பட்டை சூடேற நேரம் பிடிப்பதால், சாவியைத் திருப்பியபின் முள் சோம்பலாக ஏறி, அரை நிமிடம்போல எடுத்துக்கொண்டு தன் இடத்தில் நிற்கும், குலுங்கினாலும் ஆடாது. இதில் கணக்கு தலைகீழ். பிரிட்டிஷ் மீட்டர் நிறுவனமான ஸ்மித்ஸின் வகை யூனிட்டுகளில் காலி டேங்குக்கு 240 ஓம் அளவிலும், நிறைந்த டேங்குக்கு 20 முதல் 30 ஓம் அளவிலும் மின்தடை இருக்கும். ஒயர் அறுந்தால் முள் காலியில் படுத்துவிடும்; எர்த் ஆனால் நிறைவைத் தாண்டி ஏறும். பேட்டரியின் அழுத்தம் ஏறி இறங்குவதால் முள் தவறாகக் காட்டாதிருக்க, இந்த வகையோடு 10 வோல்ட் தரும் ஒரு ஸ்டெபிலைசரும் வரும்.

எல்லாக் கார்களிலும் இந்தக் கருவி இருந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. பிரான்சின் சித்ரோயன் 2 சிவி கார் தொடக்க காலத்தில் பெட்ரோல் அளவு பார்க்க ஒரு அளவுக்குச்சியோடுதான் வந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு 1962 மாடலில்தான் மீட்டர் கிடைத்தது, அதுவும் மின்சாரத்தில் அல்லாமல் கேபிளில் இயங்கியது. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவருக்கு இனி வரும் சோதனைகள் பொருந்தா.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டியும் டிக்கியின் பள்ளங்களிலும் தங்கி நிற்கும். உண்மையில் நிறைந்த டேங்கைவிட, வற்றிய டேங்கே அதிக ஆபத்தானது, ஏனென்றால் அதற்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. எனவே இந்த வேலையை மூடிய ஷெட்டில் செய்யக்கூடாது; திறந்த வெளியில், நிழலில், அதிகாலையில் செய்வது நல்லது. அக்னி நட்சத்திர நாட்களில் நண்பகலில் டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று ஆவி வெளியேறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நேரத்தில் டேங்க் அருகே எந்தச் சோதனையும் வேண்டாம். ஒயரில் தொங்கும் குண்டு பல்பைப் பயன்படுத்தாமல் பேட்டரி டார்ச்சை வைத்துக்கொள்ளுங்கள். பொடி வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. அது இல்லையென்றால் வேலையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கலாம்.

டேங்க் பக்கம் ஒயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் சாவி அணைந்திருக்க வேண்டும். சாவி போட்டிருக்கையில் ஒயரை உடம்பில் உரசிப் பார்ப்பது பல பட்டறைகளில் வழக்கம். அந்த உரசலில் தெறிக்கும் ஒரு பொறி போதும், வேறு எதுவும் வேண்டாம். யூனிட்டையே டேங்கிலிருந்து கழற்றும் கட்டம் வந்தால், அதற்கு முன் பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும். எந்த முனையின் கம்பி உடம்போடு சேர்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

கருவிகளாக ஒரு மல்டிமீட்டர், மின்சாரம் வந்தால் எரியும் சிறு பல்பு வைத்த ஒரு டெஸ்ட் லாம்ப், இரு முனையிலும் கிளிப் வைத்த பத்தடி ஒயர், 27 ஓம் அளவும் 2 வாட் திறனும் கொண்ட ஒரு ரெசிஸ்டர் ஆகியவை போதும். மல்டிமீட்டர் முள் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. காரணம் பின்னால் வரும்.

முதல் படி: டேங்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

இதை அறியாமல் முள் தவறு என்று சொல்லவே முடியாது. நிரப்பும் குழாய் நேராக இறங்கும் வண்டியில், நன்றாகக் காய்ந்த, சீவி வழவழப்பாக்கிய ஒரு மரக்குச்சியை விட்டு ஈரம் ஏறிய உயரத்தைப் பார்க்கலாம். மஹிந்திரா ஜீப்பில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால் இது எளிது. குழாய் வளைந்து போகும் வண்டிகளில் குச்சி நுழையாது. அங்கே பங்க்கில் முழுவதும் நிரப்பிவிட்டு, அந்த நிறைந்த நிலையிலிருந்து சோதனையைத் தொடங்குவதே வழி. நிறைந்த டேங்கோடு யூனிட்டைக் கழற்ற முடியாது என்றாலும், பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கட்டமே வராது.

பிறகு சாவியைப் போட்டு முள்ளைக் கவனியுங்கள். துள்ளி எழுகிறதா, மெல்ல ஏறுகிறதா? இதிலேயே மீட்டரின் வகை தெரிந்துவிடும். முள் அசையவே இல்லையென்றால் மீட்டரின் பின்புறத்தைப் பாருங்கள்: ஸ்டெபிலைசரிலிருந்து ஒயர் வந்தால் பைமெட்டல் வகை.

ஃப்யூஸும் ஸ்டெபிலைசரும்

பிரிட்டிஷ் மின்கருவி நிறுவனமான லூக்காஸின் வயரிங் உள்ள வண்டிகளில் பச்சை ஒயர் என்பது சாவி போட்டபின் ஃப்யூஸ் வழியாக வரும் மின்சாரம். அதே பச்சை ஒயரில்தான் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் வழக்கமாக இருக்கும். அவையும் சேர்ந்து அணைந்திருந்தால் ஃப்யூஸ் பெட்டியில் ஏ3, ஏ4 முனைகளுக்கு இடையே உள்ள ஃப்யூஸைப் பாருங்கள். கண்ணாடி ஃப்யூஸ் எரியாமலேயே, அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கவ்வியில் களிம்பு ஏறி மின்சாரம் தடைப்படுவதும் உண்டு. எடுத்துத் துடைத்து, கவ்வியை லேசாக நெருக்கி மாட்டினால் தீர்ந்துவிடும்.

பைமெட்டல் வகையில் பெட்ரோல் முள்ளும் வெப்பமானி முள்ளும் ஒரே ஸ்டெபிலைசரில் இயங்கும் வண்டியாக இருந்தால், அடையாளம் காண்பது மிக எளிது. இரண்டும் சேர்ந்து செத்துக் கிடந்தால் ஸ்டெபிலைசருக்கு மின்சாரம் வரவில்லை அல்லது அது உள்ளே அறுந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து அளவுக்கு மேல் காட்டினால் அது 10 வோல்ட்டுக்குக் குறைக்காமல் பேட்டரியின் முழு அழுத்தத்தையும் அப்படியே விடுகிறது; அதன் உடம்பு டாஷ்போர்டு தகட்டோடு சரியாக எர்த் ஆகாததும் இதற்குக் காரணமாகலாம். ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் இருந்தால் ஸ்டெபிலைசர்மேல் பழி சொல்ல இடமில்லை.

பழைய ஸ்டெபிலைசர் விட்டுவிட்டு மின்சாரம் தரும் கருவி. அதன் வெளியீட்டில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். அது பழுதல்ல, அதன் இயல்பே அதுதான். டெஸ்ட் லாம்ப் வைத்தால் மினுக்கி மினுக்கி எரியும். மினுக்காமல் ஒரே சீராக எரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பழுதானதற்குப் பதிலாக 7810 என்ற எண்ணுள்ள மின்னணு ரெகுலேட்டரைப் பழைய டப்பாவுக்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம். நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டுமே அது நேரடியாகப் பொருந்தும்.

இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய சோதனை

இதுவரை பழுது அகப்படவில்லை என்றால் டேங்க் பக்கம் போக வேண்டும். சில வண்டிகளில் டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கினால் வட்டமான தகட்டு மூடி ஒன்று தெரியும். அதற்குக் கீழே யூனிட் இருக்கும். சிலவற்றில் டேங்கின் பக்கவாட்டில் இருக்கும். லூக்காஸ் வயரிங்கில் யூனிட்டுக்கு வரும் ஒயர் பச்சையில் கறுப்புக் கோடு போட்டது. பத்மினி போன்ற, ஃபியட் வழிவந்த வண்டிகளில் பெட்ரோல் தீரும் தறுவாயில் எரியும் எச்சரிக்கை விளக்குக்கும் அங்கேயே இன்னொரு முனை இருக்கலாம். இரண்டையும் மாற்றி மாட்டிவிடாமல் கழற்றுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் டிக்கியில் நிற்கட்டும். சாவி அணைந்த நிலையில் யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றி எதிலும் படாமல் ஒதுக்குங்கள். சாவியைப் போடச் சொல்லுங்கள். காயில் வகையென்றால் முள் நிறைவுக்குப் போக வேண்டும். பைமெட்டல் வகையென்றால் காலியில் இருக்க வேண்டும். சாவியை அணைத்துவிட்டு, இப்போது அந்த ஒயரை டேங்கிலிருந்து தள்ளி, வண்டி உடம்பில் பெயின்ட் இல்லாத, பளிச்சென்ற ஓர் இடத்தோடு கிளிப் ஒயரால் இணையுங்கள். காயில் வகைக்கு நேரடியாக இணைக்கலாம். பைமெட்டல் வகைக்கு நேரடியாக இணைத்தால் உள்ளே உள்ள சூடேற்றும் கம்பிக்குச் சுமை அதிகம். 27 ஓம் ரெசிஸ்டரை இடையில் வைத்தே இணையுங்கள். மீண்டும் சாவி. "அண்ணே, ஏறுது... ஏறுது... எஃப்-கிட்ட நின்னுடுச்சு" என்று முன்னாலிருந்து குரல் வந்தால் பைமெட்டல் மீட்டரும் அதுவரை வரும் ஒயரும் சுத்தம். காயில் வகையில் முள் காலிக்கு விழுந்தால் அதே முடிவு.

இந்தச் சோதனையில் முள் சரியாக நடந்துகொண்டால், பழுது யூனிட்டிலோ அதன் எர்த்திலோதான் இருக்கிறது. டாஷ்போர்டைத் தொட வேண்டியதே இல்லை. முள் சரியாக நடந்துகொள்ளவில்லை என்றால், இதே சோதனையை மீட்டரின் பின்னால் உள்ள முனையிலேயே செய்யுங்கள். அங்கே சரியாக இயங்கினால் இடையில் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது உரசுகிறது. அங்கேயும் இயங்காவிட்டால்தான் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். காயில் வகையாக இருந்தால் மீட்டரின் கூட்டுக்கும் எர்த் வேண்டும் என்பதை மறக்காமல் அதை முதலில் சரிபாருங்கள்.

எர்த்: கடற்கரை ஊரின் நிரந்தரச் சந்தேக நபர்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரியின் கடற்கரைச் சாலைப் பக்கமோ நிற்கும் வண்டிகளில், பளபளக்கும் குரோமியத்துக்குப் பின்னால் ஒவ்வொரு திருகாணியின் கழுத்திலும் உப்பும் துருவும் வேலை செய்துகொண்டிருக்கும். 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் டிக்கியின் அடியில் உள்ள இணைப்புகளை இன்றும் ஒருமுறை திறந்து பார்ப்பது வீண்போகாது. தண்ணீர் வடிந்தபின் மேலே எல்லாம் காய்ந்துவிடும், ஆனால் இணைப்பின் உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு ஊறிக்கொண்டே இருக்கும்.

எர்த் கெட்டால் எல்லா வண்டியும் ஒரே மாதிரி பொய் சொல்வதில்லை. துரு என்பது மின்பாதையில் கூடுதலாகச் சேரும் ஒரு தடை. பைமெட்டல் வகையில் தடை கூடினால் முள் குறைத்துக் காட்டும். டேங்கில் பாதி இருக்க, கால் என்று சொல்லும். இதனால் யாரும் நடுவழியில் நிற்பதில்லை. காயில் வகையில் தடை கூடினால் முள் கூட்டிக் காட்டும்; கால் டேங்கைப் பாதி என்று சொல்லும். பழைய வண்டிக்காரர்கள் பெட்ரோல் தீர்ந்து நிற்பதற்குப் பின்னால் இந்த இரண்டாவது வகைப் பொய் அடிக்கடி இருக்கும் என்பது என் கணிப்பு.

கண்டுபிடிப்பதற்கு இரண்டு அளவுகள் போதும். சாவியை அணைத்து, யூனிட்டின் ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். ஒரு முனையை யூனிட்டின் ஒயர் முனையிலும் மறுமுனையை யூனிட்டின் தகட்டிலும் வைத்து ஓர் அளவு எடுங்கள். பிறகு மறுமுனையை மட்டும் வண்டியின் நல்ல எர்த் இடத்துக்கு, இயன்றால் பேட்டரியின் எர்த் முனைக்கே நீண்ட ஒயரால் கொண்டுபோய் இன்னோர் அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக முதல் அளவு 70 ஓம், இரண்டாவது 130 ஓம் என்றால், இடையில் உள்ள 60 ஓமும் துரு. யூனிட்டில் ஒரு குறையும் இல்லை.

எர்த் கெடுவதற்கு மழையும் கடலும் மட்டும் காரணமல்ல. புதிதாகப் புதுப்பித்த வண்டிகளில் மீட்டர் வேலை செய்யாததற்கு முதல் காரணம் புதுப் பெயின்ட்டுதான். டேங்கை அழகாகச் சுரண்டி, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டிங் கொடுத்து, ரப்பர் பட்டையின் மேல் உட்காரவைத்து, பெயின்ட் அடித்த பட்டையால் கட்டிவிடுவார்கள். டேங்குக்கும் உடம்புக்கும் இடையே ஓர் ஊசிமுனை அளவுகூட வெறும் உலோகம் தொடுவதில்லை. வேலை எவ்வளவு சுத்தமோ எர்த் அவ்வளவு மோசம்.

தீர்வாக யூனிட்டின் தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணி ஒன்றில் வளைய முனை வைத்த தனி எர்த் ஒயரைப் பொருத்தி, மறுமுனையை டிக்கியில் உறுதியான ஒரு போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். இருபுறமும் உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலைன் தடவிவிட வேண்டும். தேய்க்கும் வேலையை டேங்க் பக்கம் கையால் மட்டுமே செய்யுங்கள். கிரைண்டரோ டிரில்லில் மாட்டிய கம்பி பிரஷ்ஷோ அங்கே வரக்கூடாது. வாசலைனை இறுக்கியபின்தான் தடவ வேண்டும், இடையில் அல்ல. தொழிற்சாலை தராத இந்த ஒயரைச் சேர்ப்பதால் வண்டியின் அசல்தன்மை கெட்டுவிடும் என்று வருந்துகிறவர்கள் கறுப்பு ஒயரை விரிப்புக்கு அடியில் ஓட்டிவிடலாம். கண்காட்சியில்கூட ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

ஒயர் அறுந்திருந்தால்

டாஷ்போர்டிலிருந்து டிக்கி வரை போகும் ஒயர் வழியில் ஓரிரு இடங்களில் உருளை வடிவ இணைப்பான்களில் சேர்கிறது. அவற்றைப் பிடித்து மெல்ல அசைத்தபடி முள்ளைப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு எலிதான் பொறுப்பு. நீண்ட நாள் மூடி வைத்த வண்டியில் பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். கடித்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல் ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழல் போட்டு மூட வேண்டும். இதுவும் டேங்கிலிருந்து தள்ளிச் செய்யும் வேலை.

யூனிட்டைக் கழற்ற வேண்டியே வந்தால்

யூனிட்டின் சொந்த அளவே தவறாக இருந்தால், அதாவது முனைக்கும் தகட்டுக்கும் இடையே மின்தடை எல்லையற்றதாகவோ, டேங்கில் உள்ள பெட்ரோலுக்குப் பொருந்தாததாகவோ இருந்தால், கழற்ற வேண்டும். பெட்ரோல் யூனிட்டின் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருப்பதை உறுதி செய்துகொண்டு, பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். சுற்றிலும் உள்ள மணலையும் துருவையும் முதலில் துடைத்தெடுங்கள், இல்லையென்றால் அவ்வளவும் டேங்குக்குள் விழும். சில யூனிட்டுகள் ஆறு சிறு திருகாணிகளால் பிடிக்கப்பட்டவை. சிலவற்றுக்குச் சுழற்றிப் பூட்டும் வளையம் இருக்கும். வளையத்தை இரும்பு உளியால் தட்டக்கூடாது. பித்தளைக் கம்பியோ கெட்டி மரத்துண்டோ வைத்துத் தட்டினால் பொறி வராது. வெளியே எடுக்கும்போது மிதவையின் கை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் மிதவை டேங்கின் தடுப்புச் சுவரில் முட்டி நின்றுவிடும். எடுத்தவுடன் அந்தத் துளையைத் தகட்டு மூடியொன்றால் மூடிவிட்டு, யூனிட்டை வண்டியிலிருந்து தள்ளி எடுத்துப் போய்ச் சோதியுங்கள்.

முதலில் மிதவை. பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் ஒலி கேட்கிறதா? கேட்டால் அது மூழ்கிப்போன மிதவை. டேங்க் நிறைந்திருந்தாலும் காலி என்றே சொல்லும். சூடான தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் ஓட்டை. அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை வெளியே கொண்டுவந்தே இதைச் செய்யுங்கள். ஓட்டையை அடைப்பதற்கு முன் உள்ளே இருக்கும் பெட்ரோல் முழுவதும் வெளியேற வேண்டும். கையால் சுழற்றும் துளைக்கருவியால் சிறு துளையிட்டு வடித்து, சோப்புக் கலந்த வெந்நீரை உள்ளே விட்டுப் பலமுறை அலசி, முழுநாள் வெயிலில் காயவிட்ட பிறகே மின்சாரச் சால்டரிங் அயர்னால் ஈயம் வைக்கலாம். தீ ஜுவாலை அருகே வரவே கூடாது. இரண்டு துளைகளையும் அடைக்கும்போது கடைசித் துளை தொல்லை கொடுக்கும்: உள்ளே சூடேறிய காற்று விரிந்து, உருகிய ஈயத்தை ஊதித் தள்ளிவிடும். மிதவை நன்றாக ஆறியபிறகு அயர்னை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுத்தால் அடைபடும்.

தக்கை மிதவை வைத்த மிகப் பழைய யூனிட்டுகளுக்கு இப்போது புதிய எதிரி ஒன்று வந்திருக்கிறது. தக்கை பெட்ரோலில் ஊறாமலிருக்க அரக்குப் பூச்சு கொடுப்பது பழைய முறை. அரக்கு எத்தனாலில் கரையும். 2023 பிப்ரவரியில் அறிமுகமான, 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இப்போது பங்க்குகளில் பரவலாகிவிட்ட நிலையில், அரக்குத் தக்கையைப் பழுது பார்ப்பது வீண் வேலை. பெட்ரோலைத் தாங்கும் செயற்கை மிதவையாக மாற்றிவிடுவதே சரி. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நம் ஊரின் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்து, யூனிட்டையும் டேங்கையும் ஒருசேர அரிக்கும்.

அடுத்து மின்தடை. மல்டிமீட்டரை மாட்டி, மிதவையின் கையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மிக மெதுவாக நகர்த்துங்கள். முள் வகை மல்டிமீட்டர் நல்லது என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்: தொடுமுனை ஏதாவது ஓர் இடத்தில் ஒரு கணம் தொடர்பு விட்டாலும் முள் வெட்டி விழும், டிஜிட்டல் மீட்டர் அந்தக் கணத்தைத் தவறவிடலாம். தயாரிப்பைப் பொறுத்து அளவுகள் சற்று முன்பின்னாக இருக்கலாம். சீராக ஏறி இறங்குகிறதா என்பதே முக்கியம். இடையிடையே வெட்டினால் காண்டாக்ட் கிளீனர் தெளித்து மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். இங்கே உப்புத்தாளுக்கு இடமில்லை. அந்தக் கம்பி முடியளவு மெல்லியது, ஒரே இழுப்பில் அறுந்துவிடும். தொடுமுனையின் நாக்கு தளர்ந்திருந்தால் மிக லேசாக வளைத்து அழுத்தம் கூட்டலாம். கம்பி அறுந்தே போயிருந்தால் வேறு யூனிட்தான் வழி. சென்னைப் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ தேடும்போது, "அம்பாசடர் யூனிட்" என்று மட்டும் கேட்டு வாங்கி வராமல் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய், மிதவை கீழே இருக்கையில் எவ்வளவு, மேலே இருக்கையில் எவ்வளவு என்று கடையிலேயே அளந்து வாங்குங்கள். பைமெட்டல் மீட்டருக்குரிய யூனிட்டைக் காயில் மீட்டரோடு இணைத்தால் பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறும்.

மாட்டுவதும் அளவு பார்ப்பதும்

யூனிட்டுக்கும் டேங்குக்கும் நடுவே கசியாமலிருக்க வைக்கும் பழைய பேக்கிங்கை மறுபடி பயன்படுத்தாதீர்கள். பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் புதிதாக வெட்டிப் போடுங்கள். சைக்கிள் டியூப் ரப்பர் சில வாரங்களில் ஊதிக் குழைந்துவிடும். பேக்கிங்கும் பூச்சும் யூனிட்டை டேங்கின் உடம்பிலிருந்து பிரித்துவிடுகின்றன என்பதால், மேலே சொன்ன தனி எர்த் ஒயர் இங்கே கூடுதல் அவசியமாகிறது.

டேங்க் வற்றியிருக்கும் இந்தச் சந்தர்ப்பத்தை வீணாக்க வேண்டாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பங்க்கில் ஐந்தைந்து லிட்டராக நிரப்பச் சொல்லி, பங்க்காரர் முகம் சுளித்தாலும், ஒவ்வொரு முறையும் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, சாவி போட்டு முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மீட்டரில் பாதிக்கோடு உண்மையில் பாதி டேங்கைக் குறிப்பது அரிது. டேங்கின் வடிவம் ஒழுங்கற்றது, மிதவையின் கை வட்டத்தில் நகர்வது. அது பழுதல்ல. ஆனால் ஐந்து லிட்டர் இருக்கும்போதே முள் காலிக்கோட்டைத் தொட வேண்டும் என்று மிதவையின் கையை வளைத்து அமைத்துக்கொள்வது என் பரிந்துரை. நிறைவுப் பக்கம் சற்றுத் தவறினால் நட்டமில்லை.

அளவு எடுத்த தாளை கிளவ் பாக்ஸில் போட்டுவிட்டு, டேங்கை விளிம்புவரை நிரப்பி ஓர் ஓட்டம் விடுங்கள். கடலூரிலிருந்து கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாக அரியாங்குப்பம் வரை போய்த் திரும்பினால் போதும். வீட்டுக்கு வந்ததும் டிக்கியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பேக்கிங்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒற்றி எடுத்தால் கசிவு இருந்தால் ஈரம் தெரியும். மறுநாள் காலையிலும் இதையே ஒருமுறை செய்து, காகிதம் காய்ந்தே வந்தால் தரை விரிப்பைப் போட்டு மூடலாம்.